மாமாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கியை விற்கலாமா?

"அண்ணா, மாமாவோட துப்பாக்கிய வாங்கிக்கிறேன்னு ஒருத்தர் வந்து உக்காந்திருக்காரு. லைசென்ஸ் வச்சிருக்காராம். பணமும் கையோட கொண்டாந்திருக்காரு. குடுத்துடலாமா?"

பட்டாபிராமில் எங்கள் தெருக்கோடி வீட்டிலிருந்து வந்த போன் அது. மாமா என்று அந்தப் பெண் சொன்னது தன் மாமனாரை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு நின்றவர். அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. துப்பாக்கி பீரோவில், பச்சைக் கான்வாஸ் உறைக்குள் அப்படியே இருந்தது.

"குடுக்காதேம்மா. அவருக்கு ஒரு டீ போட்டுக் குடுத்து அனுப்பிடு. துப்பாக்கிய யாரும் தொட வேணாம், பீரோவப் பூட்டி வை. நான் வரேன்" என்றேன்.

இந்தப் போன் எங்கள் பக்கத்தில் இன்னொரு வீட்டிலிருந்தும் நாளைக்கு வரலாம். ஆவடியைச் சுற்றி டாங்கித் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். முகாம், சிறப்புக் காவல்படை என்று சீருடையோடு சம்பந்தப்பட்ட இடங்கள் நிறைய. ஓய்வு பெற்றவர்கள் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் திருநின்றவூரிலும் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர்களில் சிலர் லைசென்ஸ் எடுத்து, சொந்தத் துப்பாக்கி வாங்கி, வங்கிக்கோ பணம் ஏற்றிச் செல்லும் வேனுக்கோ கன்மேன் ஆனார்கள். இந்த வேலையில் துப்பாக்கி பெரும்பாலும் கம்பெனியுடையது அல்ல, காவலருடையது. லைசென்ஸ் புத்தகத்தில் அவர் பெயரும் அவர் படமும்தான் இருக்கும். ஆள் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது ஒரு துப்பாக்கியும், அதை வைத்திருக்க உரிமையில்லாத ஒரு குடும்பமும்.

தமிழ்நாட்டில் துப்பாக்கி உள்ள வீடுகள் மிகக் குறைவு. 2016 இறுதியில் மத்திய உள்துறை அமைச்சகம் தொகுத்த கணக்கில் உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் லைசென்ஸ்கள் இருந்தன. தமிழ்நாட்டில் 22,532 மட்டுமே. அதனால்தான் நமக்கு இந்தக் காகித விஷயம் பழக்கமில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இருக்காது. லைசென்ஸ் வைத்திருந்தவருக்கே எல்லாம் தெரியும். அவர் போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிள்ளைகள் டெக்சாஸிலோ கலிபோர்னியாவிலோ இருக்கும் வீடுகளில், துப்பாக்கிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்ற எண்ணம் இருக்கிறது. அங்கே அது உண்மை. அமெரிக்காவில் 1993-இல் வந்த பிராடி சட்டப்படி, வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் கடமை லைசென்ஸ் பெற்ற கடைக்காரருக்கு மட்டும்தான். ஒரே மாநிலத்தைச் சேர்ந்த இரண்டு தனி ஆட்கள் தங்களுக்குள் துப்பாக்கியை விற்று வாங்கினால், பல மாநிலங்களில் அந்தச் சோதனை கிடையாது. கலிபோர்னியா போன்றவை, தனி ஆள் விற்பனையும் கடைக்காரர் வழியாகவே நடக்க வேண்டும் என்று தம் சட்டத்தில் எழுதிக்கொண்டன. இந்தியாவில் கதை வேறு. நம் அரசியலமைப்பில் படைக்கலங்களும் வெடிபொருளும் மத்தியப் பட்டியலில் ஐந்தாவது இனம். சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம், விதி வகுப்பது மத்திய அரசு. ஆவடிக்கும் அலகாபாத்துக்கும் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் ஒன்றுதான். அதன் கீழ் 2016-இல் வந்த விதிகளும் ஒன்றுதான். மாநில நிர்வாகத்தின் வேலை அவற்றை நடைமுறைப்படுத்துவது. அரசுத் தாளில் இதற்குப் பெயர் 'படைக்கல உரிமம்'. விண்ணப்பத்தில் அப்படி எழுதுங்கள். பேசும்போது கன் லைசென்ஸ் என்றே சொல்லலாம்.

இனி விற்பனைக்கு வருவோம். நமக்குக் கைவந்த காகித வேலை பைக் விற்பது. அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ ஆர்.டி.ஓ. ஆபீசில் படிவம் 29, படிவம் 30 கொடுத்தால் பெயர் மாறும். ஆனால் உண்மையில் எப்படிச் செய்கிறோம்? பணத்தை வாங்கிக்கொண்டு, வண்டியையும் சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை வாங்கியவர் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். பொருள் முதலில், தாள் பிறகு. துப்பாக்கியில் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். தாள் எல்லாம் முடிந்த பிறகுதான் பொருள் கை மாறலாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இந்த ஒரு வரிதான்.

சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, துப்பாக்கி விற்பதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது. அது கடைக்காரருக்கு. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தனி ஆளுக்கு ஒரு வழி விடுகிறது. தன் சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, அதை வைத்துக்கொள்ளச் சட்டப்படி உரிமை உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். விற்பனை லைசென்ஸ் தேவையில்லை. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. விற்கப் போவதையும், வாங்கப் போகிறவரின் பெயரையும் முகவரியையும் எழுத்து மூலமாக மாவட்ட நடுவருக்கோ பக்கத்துக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு 45 நாளாவது கழிய வேண்டும்.

நாற்பத்தைந்து நாள் எதற்கு? இந்த அவகாசத்தில்தான் போலீஸ் வாங்குபவரைப் பற்றி விசாரிக்க முடியும். அவர் மேல் வழக்கு உண்டா, அவர் காட்டும் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, யாரையாவது மிரட்டிய புகார் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க நாள் வேண்டும். கோபத்தில் இருக்கும் ஒருவர் கையில் அன்றைக்கே துப்பாக்கி போய்ச் சேராமல் தடுப்பதும் இந்த இடைவெளிதான். சிவப்பு நாடா என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடிதம் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். நகலில் காவல் நிலைய முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். 45 நாள் எண்ணத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்து. வாயால் சொன்னதற்குத் தேதி கிடையாது. நடைமுறையில், லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தின் எழுத்து மூலமான அனுமதியோ தடையில்லாச் சான்றோ கையில் கிடைக்கும் வரை காத்திருப்பதுதான் நல்லது. ஏனென்றால் விற்பனை முடிந்ததும் உங்கள் லைசென்ஸிலிருந்து அந்தத் துப்பாக்கியின் எண்ணை நீக்க வேண்டும். வாங்கியவர் லைசென்ஸில் அதே எண்ணை ஏற்ற வேண்டும். இரண்டும் நடந்தால்தான் கணக்கு முடிந்தது. நீக்காமல் விட்டால், நாளைக்கு அந்தத் துப்பாக்கி எங்கே வெடித்தாலும் கேள்வி உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

விற்பதைத்தானே சட்டம் கட்டுப்படுத்துகிறது, சும்மா கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. மருமகனுக்கு அன்பளிப்பு, நண்பனுக்கு ஒரு மாதம் இரவல், பண்ணை வீட்டுக் காவலாளிக்கு வாடகை என்றெல்லாம். சட்டத்தின் இரண்டாவது பிரிவு இந்தக் கதவையும் அடைத்துவிட்டது. வாடகைக்கு விடுவது, இரவல் தருவது, தானமாகக் கொடுப்பது, தன் கைவசத்தை விட்டுக்கொடுப்பது எல்லாமே 'மாற்றம்' என்ற சொல்லுக்குள் அடங்கும். ஒரு சின்னச் சலுகை மட்டும் உண்டு. ரிப்பேருக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ துப்பாக்கியை எடுத்துப் போக வேண்டியிருந்தால், லைசென்ஸ்தாரர் கூடவே இருக்க, அல்லது அவர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு, வேறொருவர் சுமந்து செல்லலாம். முழங்கால் வலியால் ஸ்டேஷன் படியேற முடியாத பெரியவர்களுக்கு இது உதவும். கடிதம் எழுதித் தர ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அன்றைக்கு நான் போய்ச் சேரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதர்தான். ஹவில்தாரோடு பழகியவர். தன் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார், காலாவதியாகவில்லை. ஆனால் உள்ளே புரட்டினால் அவருக்கு அனுமதி இருந்தது .32 ரிவால்வருக்கு. பீரோவில் இருந்தது பன்னிரண்டு போர் ரெட்டைக்குழல். லைசென்ஸ் என்பது பொதுவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை என்று அவர் நினைத்துவிட்டார். புத்தகத்தில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அந்த வகைதான் வாங்க முடியும். வேறு வகை வேண்டுமென்றால் லைசென்ஸ் தரும் அதிகாரியிடம் விண்ணப்பித்து, அதைச் சேர்த்து எழுதி வாங்கி வர வேண்டும். சொன்னதும் புரிந்துகொண்டு எழுந்து போனார்.

வாங்குபவர் பக்கத்தில் இன்னும் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும். வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்று, விடுதலையாகி ஐந்து ஆண்டு ஆகாதவருக்கு உரிமை இல்லை. மனநலம் குன்றியவருக்கும் இல்லை. இப்படித் தடை உள்ளவர் என்று தெரிந்தே விற்பது தனிக் குற்றம். துப்பாக்கி எந்த வகையைச் சேர்ந்தது என்பதும் உண்டு. .303, 9 மி.மீ., .38 போன்றவை தடை செய்யப்பட்ட வகை. அவற்றுக்கு லைசென்ஸ் தருவது மத்திய உள்துறை அமைச்சகம். சாதாரணக் குடிமகனிடம் இருப்பது பன்னிரண்டு போர், .32, .315, .22 ஆகியவைதான். எவ்வளவு விலை கொடுப்பதாகச் சொன்னாலும், தடை செய்யப்பட்ட வகையைக் கேட்டு வரும் ஆளிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

லைசென்ஸ் அசலா என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி நம் பகுதிக்கு ரொம்ப முக்கியம். ராணுவத்தில் இருந்தவர்கள் வடக்கே பணியில் இருந்தபோது அங்கேயே லைசென்ஸ் எடுத்திருப்பார்கள். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை வெளியூர்க்காரர்களுக்கு முறைகேடாக லைசென்ஸ்கள் வழங்கியதாக சி.பி.ஐ. விசாரித்த வழக்கில் பேசப்பட்ட எண்ணிக்கை 2.78 லட்சத்துக்கு மேல். புத்தகமும் முத்திரையும் பார்வைக்கு அசலாகவே இருக்கும். அதனால் புத்தகத்தை மட்டும் நம்பக் கூடாது. இப்போது ஒவ்வொரு லைசென்ஸ்தாரருக்கும் யு.ஐ.என். என்ற தனி அடையாள எண் உண்டு. அது தேசிய அளவிலான கணினிப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். அந்த எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது. நீங்கள் எழுதும் 45 நாள் அறிவிப்பில் வாங்குபவரின் லைசென்ஸ் எண்ணையும் யு.ஐ.என். எண்ணையும் சேர்த்து எழுதிவிடுங்கள். சரிபார்ப்பது அதிகாரிகளுக்கு எளிதாகும். சட்டம் கேட்பது பெயரும் முகவரியும்தான் என்றாலும் இந்த இரண்டு வரி உங்களைக் காப்பாற்றும். துப்பாக்கியின் மேல் பொறித்த எண்ணும் லைசென்ஸில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று நேரில் ஒத்துப் பார்ப்பதும் அவசியம். பழைய புத்தகங்களில் கையால் எழுதியது மங்கி, மூன்று எட்டாகவும் ஒன்று ஏழாகவும் தெரியும்.

யாரிடம் போவது என்பது மேற்குப் புறநகரில் தனித் தலைவலி. ஹவில்தாரின் லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டியபோது எங்கள் பக்கத்தின் சரித்திரமே அதில் முத்திரைகளாகக் கிடந்தது. முதல் பக்கத்தில் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்ட ஆட்சியர். 1997-இல் மாவட்டம் பிரிந்த பிறகு திருவள்ளூர் ஆட்சியர். 2022 ஜனவரி 1 அன்று ஆவடி காவல் ஆணையரகம் பிறந்தது. கமிஷனர் உள்ள இடங்களில் படைக்கல லைசென்ஸ் அதிகாரம் அவரிடம். மற்ற இடங்களில் ஆட்சியரிடம். அம்பத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பை அள்ளுவது 2011 முதல் சென்னை மாநகராட்சி. பட்டா கேட்டுப் போனால் 2018 முதல் சென்னை மாவட்டம். போலீஸ் என்றால் ஆவடி கமிஷனர். பூந்தமல்லியில் தாசில்தார் திருவள்ளூர் மாவட்டத்தவர், போலீஸ் ஆவடி கமிஷனர். அதனால் பழைய முத்திரையைப் பார்த்துத் திருவள்ளூருக்கு ரயில் ஏறுவதற்கு முன், உங்கள் தெரு எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது, அந்த நிலையம் எந்த ஆணையரகத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கோப்பு ஆட்சியர் அலுவலகத்திலேயே இருந்தால், அதைக் கமிஷனர் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும்.

வீடு மாறினாலும் இதே கதை. லைசென்ஸ்தாரர் துப்பாக்கியோடு வேறு எல்லைக்குக் குடி போனால், 30 நாளுக்குள் புதிய இடத்து அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கொரட்டூரிலிருந்து மகன் வீட்டோடு தாம்பரம் பக்கம் போய்விடும் பெரியவர்கள் கேஸ் இணைப்பை மாற்றுவார்கள், ரேஷன் கார்டை மாற்றுவார்கள், இதை மறந்துவிடுவார்கள். பிறகு விற்க நினைக்கும்போது இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் அலைய வேண்டியிருக்கும்.

இனி அந்த வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் ஐந்தாவது பிரிவின் வழி அந்தப் பெண்ணுக்குத் திறக்கவே இல்லை. அந்த வழி, துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருப்பவருக்கானது. லைசென்ஸ் ஹவில்தாரின் பெயரில் இருந்தது. அவர் மூச்சு நின்றதோடு, துப்பாக்கி அந்த வீட்டில் இருப்பதற்கான உரிமையும் நின்றது. மகனுக்கோ மருமகளுக்கோ அது தானாக வந்து சேராது. நகையும் நிலமும் வாரிசுக்கு வருவது போலத் துப்பாக்கி வராது. அதன் மதிப்பு மட்டும்தான் வாரிசுக்கு வரும்.

இந்த நிலைமைக்காகவே எழுதியது போல இருக்கிறது 21-ஆவது பிரிவு. எந்தக் காரணத்தால் உரிமை போனாலும் சரி, அதை வைத்திருப்பவர் வீண் தாமதம் இல்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, விதிகளுக்கு உட்பட்டு லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பலரும் பயப்படுவது இங்கேதான். ஸ்டேஷனில் கொடுத்தால் போனது போனதுதானே என்கிறார்கள். அப்படியில்லை. ஒப்படைத்தவருக்கு அதே பிரிவு இரண்டு உரிமை தருகிறது. உரிய லைசென்ஸ் பெற்று வந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அல்லது, ஒப்படைத்த இடத்தில் இருக்கும்போதே, வாங்கும் உரிமையுள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லி, விற்ற பணத்தைத் தாமே பெற்றுக்கொள்ளலாம். விதியில் குறித்த காலத்துக்குள் இரண்டில் ஒன்றைச் செய்யாவிட்டால்தான் அது அரசுக்குப் பறிமுதலாகும். ஆகவே ஒப்படைக்கும் நாளிலேயே அந்தக் கெடு எது என்று கேட்டு, ரசீதின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நாளுக்கும் முதல் திவசத்துக்கும் நடுவே வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும், தேதி நழுவிவிடும்.

அன்றைக்கு நாங்கள் செய்தது இதுதான். முதலில் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னோம். லைசென்ஸ் இல்லாத ஆள் துப்பாக்கியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு சி.டி.எச். ரோட்டில் போவது சரியில்லை. வழியில் சோதனையில் நிறுத்தினால் என்ன சொல்வது? ஏட்டு ஒருவர் வீட்டுக்கே வந்தார். உறையைப் பிரித்து, குழலை மடித்து, உள்ளே தோட்டா இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்தார். அந்த ஒரு வேலையை வீட்டார் செய்யவே கூடாது. ரெட்டைக்குழல் நடுவில் மடியும் என்பதே பலருக்குத் தெரியாது; விசையைத் தொட்டுப் பார்ப்பார்கள். ரசீதில் துப்பாக்கியின் வகை, எண், உறை, தோட்டா எத்தனை, லைசென்ஸ் எண், தேதி எல்லாம் எழுதச் சொன்னோம். ஸ்டேஷன் ரைட்டர் பொறுமையாக எழுதிக் கொடுத்தார். இறப்புச் சான்றிதழின் நகலோடு, லைசென்ஸ்தாரர் காலமானதைக் கமிஷனர் அலுவலகத்துக்கு ஒரு கடிதமாக எழுதினோம்.

அதற்குப் பிறகுதான், வைத்துக்கொள்வதா விற்பதா என்று வீட்டில் பேச்சே எடுத்தார்கள். மகனுக்கு அப்பாவின் ஞாபகமாக வைத்துக்கொள்ள ஆசை. 2016 விதிகளின் 25-ஆவது விதி அதற்கு இடம் கொடுக்கிறது. வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதி, கையாளும் பயிற்சிச் சான்று ஆகியவற்றோடு போலீஸ் விசாரணையும் உண்டு. அக்கா, தங்கை கையெழுத்து இல்லாமல் இது நகராது. சொத்துத் தகராறு உள்ள வீட்டில் துப்பாக்கி வருஷக்கணக்கில் ஸ்டேஷனிலேயே தூங்கும்.

இந்த 25-ஆவது விதியில் இன்னொரு நல்ல வழி இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். லைசென்ஸ்தாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது நிறைந்ததும், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்ததும், எது முன்னால் வருகிறதோ அப்போது, வாரிசின் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். இதைப் படிக்கும் முன்னாள் ராணுவத்தினருக்குச் சொல்கிறேன் ஐயா: உங்களுக்கு எழுபது ஆகிவிட்டதென்றால், கண் தெளிவாக இருக்கும்போதே மகனையோ மகளையோ கூட்டிப்போய் இதை முடித்துவிடுங்கள். வாரிசு யாருக்கும் வேண்டாம் என்றால் நீங்களே 45 நாள் கடிதம் கொடுத்து விற்றுவிடுங்கள். உங்களுக்கு ஒன்றரை மாத வேலையாக முடிவது, நீங்கள் இல்லாத வீட்டில் ஒரு வருஷ அலைச்சலாகிவிடும்.

2019 டிசம்பரில் வந்த திருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். இப்போது இரண்டுதான், விளையாட்டு வீரர்களுக்கான தனி ஏற்பாடு நீங்கலாக. வாரிசாக வருவதும் இந்த இரண்டுக்குள் அடக்கம். மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள், அதாவது 2020 டிசம்பருக்குள், ஒப்படைத்திருக்க வேண்டும். அதே திருத்தம் லைசென்ஸின் ஆயுளை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக்கியது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

துருப்பிடித்த துப்பாக்கிக்கு எதற்கு லைசென்ஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. 45-ஆவது பிரிவு விலக்கு அளிப்பது, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழைய ஆயுதத்துக்கு மட்டும். சுத்தியலை மாற்றினால் வேலை செய்யும் என்றால் அது துப்பாக்கிதான். அந்த முடிவை நாமே எடுத்து, காயலான் கடையில் எடைக்குப் போடுவது ஆபத்து. ஏர் கன் விஷயம் எளிது. .177 அங்குலத்துக்கு மேற்படாத குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் லைசென்ஸ் வேண்டாம்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் எல்லாம் நின்றுபோகும். நன்னடத்தை விதிகள் அமலில் இருக்கும் வாரங்களில், லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும்; வங்கிக் காவலர்களுக்கு விலக்குக் கேட்கலாம். விற்பனைக்குக் கடிதம் கொடுத்துக் காத்திருப்பவர்கள் இந்தக் காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரைட்டரின் மேசையில் அந்த நாட்களில் இடமே இருக்காது.

தண்டனையைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். லைசென்ஸ் உள்ளவருக்கே விற்றாலும், அறிவிக்காமலோ 45 நாள் முடியும் முன்போ விற்றால் ஆறு மாதம் வரை சிறை. லைசென்ஸ் இல்லாதவருக்கு விற்றால் நிலைமையே வேறு: 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு, கூடினால் ஆயுள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்கு இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு. 1994-இல் சஞ்சய் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது போல, வைத்திருப்பது என்றால் அறிந்து வைத்திருப்பது. பீரோவில் இருந்ததே தெரியாது என்று சொல்லக்கூடியவருக்கு அது பாதுகாப்பு. உறையைப் பார்த்த நாளிலிருந்து அந்தப் பாதுகாப்பு கரைய ஆரம்பிக்கிறது.

கடைசியில் மகன் மனம் மாறினான். அவன் வேலை ஷிஃப்ட். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். விற்பதென்று முடிவானது. துப்பாக்கிக் கடை வழியாக, பன்னிரண்டு போருக்கு அனுமதி உள்ள ஒருவருக்கு, உரிய அனுமதித் தாள்களோடு கை மாறியது. பணத்தை மாமியார் பெயரில் தபால் நிலையத்தில் போட்டார்கள். லைசென்ஸ் புத்தகத்தைக் கமிஷனர் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு அதற்கும் ஒப்புகை வாங்கிக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது மறுபடியும் அந்தப் பெண்ணின் போன். ஹவில்தாரின் பழைய டிரங்குப் பெட்டியில், பென்ஷன் தாள்களுக்கு அடியில், சிவப்பு நிறத்தில் இரண்டு தோட்டாக்கள்.

"அண்ணா, இதுக்கும் ரசீது வாங்கணுமில்ல?"

"ஆமாம்மா. இன்னைக்கே."

"ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிட்டேன் அண்ணா. ஏட்டு வந்துகிட்டிருக்காரு. பழைய ரசீத எடுத்து வச்சிருக்கேன், அதுலயே சேத்து எழுதித் தரச் சொல்றேன்" என்றாள்.